காசிமேட்டுக்குள்ள ஒரு அயர்லாந்து

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. அயர்லாந்துல நர்ஸா இருக்குற என் பொண்ணு ஜெனியோட ரூமுக்கு எத்தனை வாட்ஸ் ஹீட்டர் வேணும்னு சொல்லணும்.

அவ்வளவுதான். ஒரே ஒரு நம்பர். போன்ல தட்டி விட்டா வேலை முடிஞ்சுது.

அதுக்குள்ள ஒரு சவுண்ட் சர்வீஸ்காரன், ஒரு மொதலாளி, ஏழு பெட்டி எறா எல்லாத்தையும் இழுத்து விட்டுட்டேன். எப்படின்னு சொல்றேன். சிரிக்கிறவங்க தாராளமா சிரிக்கலாம். எங்க தெருவுல எல்லாரும் ஏற்கெனவே சிரிச்சு முடிச்சிட்டாங்க.

புதுசா படிக்கிறவங்களுக்காக என்னைப் பத்தி ரெண்டு வரி. பேரு பீட்டர். வீடு ராயபுரம். காசிமேட்டுல ஒரு மீன் கம்பெனியில கோல்டு ஸ்டோரேஜ் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமா குளிர் ஏத்துறதுதான் என் பொழப்பு. மைனஸ் இருபது கேட்டா மைனஸ் இருபது, மைனஸ் முப்பது கேட்டா மைனஸ் முப்பது. குளிர்ல எனக்குத் தெரியாதது எதுவும் இல்லன்னு ஒரு நெனப்பு. இந்த நெனப்புதான் எல்லாத்துக்கும் காரணம்.

ஆனா சூடு? அது எங்க ஊர்ல யாரும் ஏத்த வேண்டிய பொருள் இல்ல. தானா வந்து உக்காந்துக்கும். ராயபுரத்துல ஹீட்டர்னா குளிக்கிற தண்ணிக்குத்தான். ரூமுக்கு எதுக்கு? வருஷத்துல பதினோரு மாசம் ரூமே ஹீட்டர்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெனி வீடியோ கால் பண்ணா. புது ரூமுக்கு மாறி ஒரு வாரம் ஆகுது. ஒரு வயசான அம்மா வீட்டுல மாடி ரூம். போனை எடுத்ததும் நானும் என் வீட்டுக்காரி ரீட்டாவும் பயந்துட்டோம். மூக்கு செவந்து, தலையில குல்லா, கழுத்துல மப்ளர். வீட்டுக்குள்ள!

"இன்னாம்மா, வெளிய கீறியா?"ன்னு ரீட்டா கேட்டா.

"கட்டில் மேல இருக்கேன்மா. மூணு சாக்ஸ் போட்டிருக்கேன். நைட் டியூட்டி முடிஞ்சு வந்து படுத்தா தூக்கமே வரல. பல்லு கடகடன்னு ஆடுது."

நான் கோல்டு ரூமுக்குள்ள போனா அரை மணிக்கு ஒரு தடவை வெளிய வந்து வெயில்ல நின்னுடுவேன். என் பொண்ணு எங்க வெளிய வருவா? அங்க வெளியதான் இன்னும் குளிரு.

"வீட்டுக்கார அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்பா. இன்னுமா குளிருதுன்னு ஆச்சரியமா கேட்டாங்க. தனியா ஒரு ஹீட்டர் வாங்கித் தரேன், எத்தனை வாட்ஸ்னு சொல்லுன்னாங்க. நாளைக்கு காலையில கடைக்குப் போறாங்க. நம்ம ஊர் டைமுக்கு சாயங்காலம் நாலரை. ஆயிரம், ஆயிரத்து ஐநூறு, ரெண்டாயிரம்னு மூணு சைஸ் இருக்காம். நடுவுல இருக்குறதைச் சொல்லிடவா?"

பாருங்க, என் பொண்ணு எவ்வளவு தெளிவா பேசியிருக்கா! அப்பவே "சரிம்மா, சொல்லிடு"ன்னு விட்டிருந்தா இந்தப் பதிவே கிடையாது.

"நடுவுலயா? இன்னாம்மா, சோடா வாங்குறியா? உங்கப்பன் இன்னா வேலை செய்றான்? நான் கணக்குப் போட்டுத் தரேன், அப்பால வாங்கு"ன்னேன்.

"இல்லப்பா, பரவால்ல..."

"போனைத் திருப்பி ரூமைக் காட்டு."

காட்டினா. பத்துக்குப் பன்னெண்டு ரூம். சரிவா ஒரு கூரை. ஒரு ஜன்னல். கட்டில். கட்டிலுக்குப் பக்கத்துல சுவரை ஒட்டி, வெள்ளை பெயின்ட் அடிச்ச இரும்புல வரிவரியா ஒரு சாமான். அது மேல ரெண்டு யூனிஃபார்மும் ஒரு டவலும் காயுது. முன்னாடி பெரிய பெட்டி ஒண்ணு நிக்குது.

"அது இன்னாம்மா?"

"துணி காயப் போடுற ஸ்டாண்டுப்பா. ரூமோட வந்துச்சு."

"சோக்கா செஞ்சிக்கிறான். நம்ம கோல்டு ரூம்ல குளிர் வுடுற குழா, அந்தக் காயில் மாதிரியே கீது பாரு. வெல்டிங்கெல்லாம் இன்னா நீட்டு!"ன்னு நான் பாராட்டினேன். ஒரு சாமானைப் பார்த்தா அதோட தரத்தைச் சொல்லிடுவேன். அது என் பழக்கம்.

சரி, கணக்கு.

எங்க கம்பெனியில புது ரூம் போடும்போது லோடு ஷீட்னு ஒரு பேப்பர் நிரப்புவோம். எவ்வளவு குளிர் ஏத்தணும்னு அதுல வந்துடும். முதல் வரியில "ஏற்கெனவே உள்ள மெஷின்"னு இருக்கும். அதை நான் எப்பவும் காலியா விட்டுட்டு ரெண்டாவது வரியிலேர்ந்து ஆரம்பிப்பேன். புது ரூம்ல ஏது பழைய மெஷின்? இப்பவும் அப்படியே ஆரம்பிச்சேன்.

நீளம், அகலம், உயரம். எழுதியாச்சு. அடுத்தது, கதவு ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்கும்?

ஜெனிக்கு மெசேஜ் போட்டேன். "கதவு எத்தனை தடவை திறப்ப?"

"அப்பா, தூங்கப் போறேன்."

"தோராயமா சொல்லும்மா."

"நாலு."

"உன் வெயிட் இன்னா?"

"அது எதுக்கு?"

"கணக்குக்கு."

மொதல்ல ஒரு கோவ மூஞ்சி பொம்மை போட்டா. அப்புறம் வந்துச்சு. ஐம்பத்திரண்டு.

ஷீட்ல "சரக்கு" கட்டத்துல ஐம்பத்திரண்டு கிலோன்னு எழுதினேன். "உள்ளே வரும்போது சூடு"ங்குற கட்டத்துல முப்பத்தேழு டிகிரி. அடுத்த கட்டம் "மீன் வகை". அதைக் காலியா விட்டுட்டேன். அந்த அளவுக்கு எனக்கும் விவரம் இருக்கு.

சனிக்கிழமை காலையில டிபன் சாப்பிட்டுக்கிட்டே கூட்டி முடிச்சேன். சுவர் வழியா இவ்வளவு, ஜன்னல் வழியா இவ்வளவு, ஒரு ஆளு, ஒரு பல்பு, ஒரு லேப்டாப், சரக்கு. மொத்தம் மூவாயிரத்து ஐநூறு வாட்ஸ். எங்க பாஷையில, ஏசிக்குச் சொல்ற மாதிரி, ஒரு டன்.

"ரீட்டா! நம்ம பொண்ணு ரூமுக்கு ஒரு டன் சூடு வேணும்!"

தோசை ஊத்திக்கிட்டு இருந்தவ கரண்டியோட திரும்பினா. "ஒரு டன் சூடா? புள்ளைய வேக வெக்கப் போறியா நீ?"

"கணக்கு சொல்லுது."

"எங்க, படி உன் கணக்கை."

படிச்சேன். ஆளு, பல்பு, லேப்டாப்னு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினா.

"இரு. ஆளு உள்ள இருந்தா ரூம் சூடாவுமா, குளிருமா?"

"சூடாவும்."

"பல்பு போட்டா?"

"சூடாவும்."

"அப்ப ஹீட்டர் கம்மியாத்தானே வேணும்? நீ இன்னாத்துக்கு கூட்டிக்கினு கீற? கழிச்சில்ல வுடணும்?"

நான் தோசையைப் பார்த்தேன். தோசை என்னைப் பார்த்துச்சு.

குளிர் ஏத்துறவனுக்கு ஆளு, பல்பு எல்லாமே எதிரி. அதனால எல்லாத்தையும் கூட்டணும். சூடு ஏத்துறவனுக்கு அதே ஆளு, அதே பல்பு எல்லாமே தோஸ்து. கழிக்கணும். இருபத்திரண்டு வருஷமா கூட்டிக் கூட்டிப் பழகின கை, அது பாட்டுக்குக் கூட்டிடுச்சு. அடுப்பு எரியுற சமையல் ரூம்ல தினம் நிக்கிறவளுக்கு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சது, சர்டிபிகேட் வெச்சிருக்குற எனக்குத் தெரியல.

ஒத்துக்கிட்டேனா? ஆம்பள, எப்படி ஒத்துக்குவேன்? "அது வேற மாதிரி கணக்கு, உனக்குப் புரியாது"ன்னு சொல்லிட்டு பேப்பரை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போய் யாருக்கும் தெரியாம கழிச்சேன்.

தொள்ளாயிரம் வந்துச்சு.

இப்ப கையில ரெண்டு நம்பர். மூவாயிரத்து ஐநூறு, தொள்ளாயிரம். ஒண்ணுல பொண்ணு வெந்துடுவா, இன்னொண்ணுல உறைஞ்சுடுவா. நடுவுல எதையாவது சொல்லலாம்னா, நடுவுல இருக்குறதை வாங்கிடவான்னு அவதான் முதல்லயே கேட்டாளே! நான் எதுக்கு அப்பன்னு இருக்கேன்?

அப்பதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. இப்ப நெனச்சாலும் அந்த யோசனை மேல எனக்கு ஒரு மரியாதை இருக்கு. அவ்வளவு முட்டாள்தனமான யோசனை லேசுல வராது.

எங்க கம்பெனியில சில் ரூம்னு ஒண்ணு இருக்கு. ஐஸ் போட்ட மீனை ஒரு நாள் ரெண்டு நாள் வெக்கிற சின்ன ரூம். பத்துக்குப் பன்னெண்டு. எப்பவும் மூணு டிகிரி. ஜெனி ஊர்லயும் போன்ல பார்த்தா மூணு டிகிரி.

அயர்லாந்து எங்கயோ இல்லீங்க. காசிமேட்டுலதான் இருக்கு. உள்ள ஒரு ஹீட்டரை வெச்சு எத்தனை வாட்ஸுக்கு இருபது டிகிரி வருதுன்னு பார்த்துட்டா கணக்கே தேவையில்ல!

ஹீட்டருக்கு எங்க போறது? வண்ணாரப்பேட்டையில ஒரு கடையில கேட்டேன்.

"ஹீட்டரா? குளிக்கவாண்ணா, துணி துவைக்கவா?"

"ரூமுக்கு."

கடைக்காரர் என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. "கொஞ்சம் வெளிய போய் ரோட்டுல நில்லுங்கண்ணா. அதான் எங்ககிட்ட இருக்குற ஹீட்டர்."

திரும்பி வரும்போது என் தோஸ்து மூர்த்தி ஞாபகம் வந்துச்சு. சவுண்ட் சர்வீஸ் வெச்சிருக்கான். கோயில் திருவிழாவுக்கு, கல்யாணத்துக்குப் போடுற பெரிய ஃபோகஸ் லைட் அவன்கிட்ட இருக்கு. பழைய காலத்து ஐட்டம், ஒண்ணொண்ணும் ஆயிரம் வாட்ஸ். அதுக்கு முன்னாடி நின்னவங்களுக்குத் தெரியும், வெளிச்சம் சும்மா பேருக்கு. அது ஹீட்டர்தான்.

"இன்னா மாமு, வூட்டுல ஃபங்ஷனா?"ன்னு மூர்த்தி கேட்டான்.

"இல்ல. என் பொண்ணுக்கு குளிருது."

"பொண்ணு எங்க கீது?"

"அயர்லாந்துல."

"லைட்டை எங்க போடப் போற?"

"காசிமேட்டுல."

மூர்த்தி கையில சுத்திக்கிட்டு இருந்த வயரைக் கீழ வெச்சான். அப்புறம் கிட்ட வந்து மெதுவா கேட்டான். "ரீட்டா அண்ணிகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தியா மாமு?"

ரெண்டு கேட்டேன். "செட்டா கீது, மூணையும் எடுத்துக்கினு போ. பாவம், நீயும் பேஜாருல கீற"ன்னு மூணு லைட்டும் மஞ்சள் வயரும் குடுத்தான். ஆட்டோவுல ஏத்திவிட்டு நான் தெரு முனை திரும்புற வரைக்கும் என்னையே பார்த்துக்கிட்டு நின்னான்.

பன்னெண்டு மணிக்கு சில் ரூமுக்குள்ள போனேன். சனிக்கிழமை மத்தியானம் ஆளுங்க கம்மி. உள்ள ஏழு பெட்டி எறா மட்டும் ஒரு மூலையில இருந்துச்சு. கன்னியம்மா அக்காவோடது. மார்க்கெட்ல மீன் வியாபாரம் பண்றவங்க. ஞாயித்துக்கிழமை கல்யாண ஆர்டருக்காக வாங்கி வெச்சிருந்தாங்க. காலையிலயே போன் பண்ணி, "பீட்டரு, பெரிய எடத்து ஆர்டரு. மானம் போற விஷயம். பத்திரமா பாத்துக்க"ன்னு சொல்லியிருந்தாங்க.

"நான் இருக்குற வரைக்கும் உன் எறாவுக்கு இன்னாக்கா?"ன்னேன் நான்.

பெட்டிங்களை ஓரமா தள்ளிட்டு, நடுவுல ஸ்டூல் போட்டு ஒரு லைட்டை வெச்சேன். கதவு இடுக்கு வழியா வயரை வெளிய இழுத்து ஆபீஸ் பிளக்குல சொருகினேன். ஸ்வெட்டர், குல்லா போட்டுக்கிட்டு தெர்மாமீட்டரோட உக்காந்தேன்.

மூணு. நாலு. அஞ்சு. ஆறு.

ஏறுது! எனக்கு ஒரே சந்தோஷம். ஜெனிக்கு இங்கேர்ந்தே சூடு போற மாதிரி இருந்துச்சு.

அப்புறம் அஞ்சு. நாலு. மூணு.

என்னடா இதுன்னு ரெண்டாவது லைட்டைப் போட்டேன். நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. மறுபடியும் ஆறு, அஞ்சு, மூணு.

ரெண்டாயிரம் வாட்ஸ் ஓடுது, ரூம் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்குது, தெர்மாமீட்டர் மூணுலயே நிக்குது. இப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்திருந்தேன். கால் மரத்துப் போச்சு. எனக்கு அயர்லாந்து மேல கோவம் வந்துச்சு. இந்த மாதிரி ஊருக்கா என் பொண்ணை அனுப்பினேன்? ரெண்டாயிரம் போட்டும் அசையலன்னா அவ எப்படித் தூங்குவா? நெஜமாவே கண்ணு கலங்கிடுச்சு. அதுக்குக் கொஞ்சம் ஃபோகஸ் லைட்டும் காரணம்.

ரெண்டு மணிக்கு ஜெனிக்கு மெசேஜ் போட்டேன். "டெஸ்ட் பண்ணிட்டேன். ரெண்டாயிரம் பத்தல. அவசரப்பட்டு வாங்கிடாத."

"என்ன டெஸ்ட்? எங்க?"ன்னு கேட்டா. பதில் சொல்ல நேரமில்ல.

அறிவுள்ளவங்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். எனக்குப் புரியல.

அந்த ரூமுக்கு ஒரு மெஷின் இருக்கு. மூணு டிகிரிக்கு மேல போனா அது தானா ஓட ஆரம்பிச்சு, மறுபடியும் மூணுக்குக் கொண்டு வந்து நிறுத்தும். நான் ஒரு பக்கம் சூடு ஏத்துறேன், அது இன்னொரு பக்கம் குளிர் ஏத்துது. அந்த மெஷினைப் போன வாரம்தான் சர்வீஸ் பண்ணி, புதுசு மாதிரி ஓடணும்னு ரெண்டு நாள் மெனக்கெட்டேன். செஞ்சவன் நான்தான். அவ்வளவு பிரமாதமா செஞ்சிருந்தேன்.

மூணரை மணிக்கு மூணாவது லைட்டையும் போட்டுட்டு, குளிர் தாங்க முடியாம டீ குடிக்க வெளிய வந்தேன். டீக்கடையில நிக்கும்போது ஜெனி கூப்பிட்டா.

"அப்பா, அந்த அம்மா கெளம்பப் போறாங்க. என்ன சொல்லட்டும்?"

"ஒரு பத்து நிமிஷம் இரும்மா. மூவாயிரத்துல பாத்துக்கினு கீறேன்."

"மூவாயிரமா! அவங்க மொத்த வீட்டுக்கே அவ்வளவு வேணாம்பா!"

"நீ சும்மா இரு. குளிரைப் பத்தி எங்கிட்ட பேசாத."

திரும்பி வந்து கதவைத் திறந்தேன். முகத்துல இதமா ஒரு காத்து அடிச்சுது. தெர்மாமீட்டரைப் பார்த்தேன்.

இருபது!

சரியா இருபது! ஸ்டூலைச் சுத்தி ஒரு ஆட்டம் ஆடாத குறைதான். உடனே தட்டி விட்டேன். "மூவாயிரம் வாட்ஸ். இருபது டிகிரி. நேர்ல பார்த்தது. இதான் ஃபைனல். அப்பா."

அனுப்பிட்டு நிமிர்ந்தா, இருபத்திரண்டு.

சரி, கொஞ்சம் கூடுதலா இருந்தா நல்லதுதானேன்னு நெனச்சு குல்லாவைக் கழட்டினேன். இருபத்திநாலு. ஸ்வெட்டரையும் சட்டையையும் கழட்டினேன்.

அப்ப போன் அடிச்சுது. மொதலாளி. புழல் பக்கம் ஏதோ கல்யாணத்துல இருந்தாரு. ரூம் பத்து டிகிரியைத் தாண்டினா அவர் போனுக்கு மெசேஜ் போற மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கு. அதைச் செஞ்சு குடுத்ததும் அடியேன்தான்.

"பீட்டர், சில் ரூம் இருபத்திநாலு காட்டுதே?"

"ஆமா சார். டெஸ்டிங்."

"எதை டெஸ்ட் பண்ற?"

"அயர்லாந்தை சார்."

அந்தப் பக்கத்துல நாதஸ்வரம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டுச்சு.

அதே நேரத்துல பின்னாடி கதவு தடார்னு திறந்துச்சு. கன்னியம்மா அக்கா. பெட்டியை ஒரு பார்வை பார்த்துட்டுப் போகலாம்னு வந்தவங்க, வாசல்லயே நின்னுட்டாங்க. மூணு ஃபோகஸ் லைட்டு. பனியனோட நான். தரையில ஐஸ் கரைஞ்சு ஓடுற தண்ணி.

"டேய் பீட்டரு! இன்னாடா இது, எறாவுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சுக்கினு கீறியா?"

"அக்கா, அது வந்து, பொண்ணுக்கு குளிருதுன்னு..."

"எந்தப் பொண்ணுக்கு? இங்க யாருக்குடா குளிருது? மெஷின் சத்தமே காணோம், உள்ள அடுப்பு மாதிரி கீது!"

மெஷின் சத்தம்!

அப்பதான் என் காதுல விழுந்துச்சு, அதாவது விழல. பெரிய கோல்டு ரூம் மெஷின் மட்டும்தான் ஓடுது. வெளிய ஓடிப் பார்த்தா சில் ரூம் மெஷின் நின்னு போய் சிவப்பு லைட் எரியுது. வெளிய மத்தியான வெயில், உள்ள மூணு ஃபோகஸ் லைட். பாவம், அது எவ்வளவு நேரம்தான் தாங்கும்? மூச்சு முட்டி நின்னுடுச்சு.

ஆக, மெஷின் ஓடினப்ப நான் என் மெஷினோட சண்டை போட்டிருக்கேன். நின்னப்ப அக்கா எறாவை வேக வெச்சிருக்கேன். இதுல எதுலயும் அயர்லாந்து இல்ல.

"மூஞ்சைப் பாத்துக்கினு நிக்காத, லைட்டை புடுங்குடா!"ன்னு அக்கா கத்தினாங்க. புடுங்கினேன். சூட்டுல கையைச் சுட்டுக்கிட்டேன். மெஷினை ரீசெட் பண்ணி, வெளிய காயில்ல தண்ணி அடிச்சு ஓட விட்டேன். அப்புறம் ஐஸ். ஏழு பெட்டிக்கும் நானே வாரி வாரிப் போட்டேன். அக்கா ஸ்டூல்ல குந்திக்கிட்டு மேற்பார்வை.

"அந்த மூலையில போடு. அழுத்திப் போடு. உன் பொண்ணுக்கு போத்துற மாதிரி போத்து."

போட்டு முடிச்சதும் அக்கா ஒவ்வொரு பெட்டியிலேர்ந்தும் ஒரு எறாவை எடுத்து, கெட்டுப் போய் தலை கருத்திருக்கான்னு பார்த்து, அழுத்தி, மோந்து பார்த்தாங்க. நான் ஐஸ் வாரின கையோட பக்கத்துல நின்னேன். சர்ச் ஆண்டு விழாவுல கூட நான் இவ்வளவு ஜெபம் பண்ணது இல்ல. கல்யாண ஆர்டரு போச்சுன்னா அந்தப் பொம்பளைக்கு அப்புறம் யாரு ஆர்டர் குடுப்பா? என் பொண்ணு மேல இருந்த பாசத்துல இன்னொருத்தி பொழப்பைக் கரைச்சு விட்டுட்டேனேன்னு அவமானமா இருந்துச்சு.

ஏழாவது பெட்டியையும் பார்த்து முடிச்சாங்க.

"தலை கருக்கல. தப்பிச்ச போ"ன்னாங்க.

அப்ப மணி நாலே முக்கால். எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. ஐயோ, மூவாயிரம்! ஃபைனல்னு வேற அனுப்பியிருக்கேன்! அந்த அம்மா வாங்கி வெச்சுட்டா?

பதறிப் போய் போனை எடுத்தேன். அதுவே அடிச்சுது. ஜெனி, வீடியோ கால். ஈரக் கையோட எடுத்தேன். குல்லா இல்ல. மப்ளர் இல்ல. முகம் தெளிவா இருந்துச்சு.

"அப்பா, ஹீட்டர் வேணாம்பா."

"ஏம்மா? மூவாயிரம் தப்பு, அதைச் சொல்லத்தான்..."

"மூவாயிரம்னு சொன்னதும் அந்த அம்மா பயந்து போய் ரூமைப் பார்க்க மேல வந்துட்டாங்க. வந்து என் பெட்டியை நகர்த்தி, துணியெல்லாம் எடுத்துட்டு, கீழ ஒரு திருகு இருந்துச்சு, அதைத் திருப்பினாங்க."

"எதுல?"

"துணி காயப் போடுற ஸ்டாண்டுலப்பா."

கேமராவைத் திருப்பினா. வெள்ளையா, வரிவரியா, நீட்டா வெல்டிங் பண்ண அதே சாமான்.

"அதுக்குள்ள சுடுதண்ணி ஓடுமாம். இதான் ஹீட்டர். ஒரு வாரமா மூடி வெச்சு மேல துணி காயப் போட்டிருக்கேன். நீயும் பார்த்தியேப்பா, காயில் மாதிரி இருக்குன்னு சொன்னியே!"

சொன்னேன். இருபத்திரண்டு வருஷமா காயில் பார்க்குற கண்ணு. காயில் மாதிரி இருக்குன்னு சரியா சொல்லுச்சு. காயில்னு மட்டும் சொல்லல.

லோடு ஷீட்ல முதல் வரி என்னன்னு ஞாபகம் இருக்கா? நான் எப்பவும் காலியா விடுற வரி. "ஏற்கெனவே உள்ள மெஷின்."

"இப்ப எப்படிம்மா கீது?"

"சூடா இருக்குப்பா. நல்லா தூக்கம் வருது. நீ ஏன் பனியனோட நிக்கிற? பின்னாடி யாரு, கன்னியம்மா ஆன்ட்டியா? ஏன் உன்னை அப்படிப் பார்க்குறாங்க?"

"ஒண்ணுமில்லம்மா. நீ தூங்கு."

போனை வெச்சதும் எனக்கு சிரிப்பு வந்துச்சு. நான் போட்ட கணக்கு அத்தனையும் தப்பு. ஆனா அந்தத் தப்பான மூவாயிரத்தைக் கேட்டு பயந்துதான் அந்த அம்மா மாடிப்படி ஏறினாங்க. சரியா ஆயிரத்து ஐநூறுன்னு சொல்லியிருந்தா ஒரு ஹீட்டரைக் கொண்டு வந்து வெச்சிருப்பாங்க, என் பொண்ணு அந்தக் காயில் மேல துணி காயப் போட்டுக்கிட்டே இருந்திருப்பா. இதை ரீட்டாகிட்ட சொல்லி என் திறமையை நிரூபிக்கலாம்னு பார்த்தேன்.

"கழிக்கத் தெரியாத உனக்கு இது ஒண்ணு"ன்னுட்டா.

மொதலாளி கல்யாணத்துலேர்ந்து நேரா வந்தாரு. திட்டல. லாக் புக்கைக் கொண்டு வரச் சொன்னாரு. டெம்பரேச்சர் ஏறினா நேரம், டிகிரி, காரணம் எல்லாம் அதுல எழுதணும். நான் "சோதனை"ன்னு எழுதி வெச்சிருந்தேன். அதை அடிச்சுட்டு, தன் கைப்பட எழுதினாரு. "காரணம்: மெக்கானிக் மகளுக்குக் குளிர்." கீழ என்னைக் கையெழுத்துப் போட வெச்சாரு.

மூர்த்திகிட்ட லைட்டைத் திருப்பிக் குடுக்கப் போனேன். "இன்னா மாமு, அயர்லாந்து முடிஞ்சுதா?"ன்னான். முடிஞ்சுதுன்னேன். வேற ஒரு வார்த்தை கேக்கல. நல்ல தோஸ்து.

கன்னியம்மா அக்கா ஆர்டரும் நல்லபடியா முடிஞ்சுது. திங்கக்கிழமை வழக்கம் போல பெட்டியோட வந்தாங்க. ஆனா தலையிலேர்ந்து இறக்கல. சில் ரூம் வாசல்ல நின்னு, அன்பா விசாரிச்சாங்க.

"பீட்டரு, ஜெனி எப்படிடா கீது? இப்ப குளிரு எதுனா கீதா?"

"இல்லக்கா. சூடா சோக்கா கீறா."

"நெஜமாத்தானே?"

"நெஜமாக்கா."

அதுக்கு அப்புறம்தான் பெட்டி கீழ இறங்குச்சு.